‘பட்டது’ என்று சொல்லும் பண்பு

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஊரிலுள்ள எம் தமக்கையாருக்கு ஒரு நிழற்படம் அனுப்பினோம். எம் ஆயர் எம்மைப் பணிக்கு அனுப்பியுள்ள இங்கிலாந்து நாட்டுப் பங்கின் இளைஞர் இருபத்துநால்வர் ஒரு காட்டோரத்தில் வரிசையாய் நிற்கும் படம் அது. முகத்திலே கவசம், உடையிலே சேறு, கையிலே கருநிறத் துப்பாக்கி. அவர்கள் நடுவே, அங்கிக்குப் பதிலாகப் பழைய மேற்சட்டை அணிந்து நாமும் நிற்கிறோம். அரைமணி நேரத்திற்குள் தொலைபேசியில் அவர் குரல் வந்தது.

“என்ன சாமி இது? பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுக்கப் போனீர்களா, சுடச் சொல்லிக்கொடுக்கப் போனீர்களா?”

அப்படத்தில் எம் கையில் மட்டும் துப்பாக்கி இல்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. அன்று நாம் கூறிய மறுமொழி அவருக்கு நிறைவளிக்கவும் இல்லை. எனவே நடந்ததை முழுமையாக எழுதிவிடுவதே நலம் எனத் தோன்றிற்று. விடுமுறை வந்தால் இளைஞரை எங்கே அழைத்துச் செல்வது, என்ன விளையாட வைப்பது என்னும் கவலை அங்குள்ள பெற்றோருக்கும் இங்குள்ள பெற்றோருக்கும் பொதுவானதன்றோ? அந்தக் கவலைக்கு உதவும் சில விளையாட்டு முறைகளையும், அவற்றினிடையே எமக்கே நேர்ந்த ஒரு சறுக்கலையும் மறைக்காமல் கூறுவோம்.

முதலில் அவ்விளையாட்டு இன்னதென்று சொல்லிவிடுவோம். அதற்கு ஏர்சாஃப்ட் என்று பெயர். 1970-களில் ஜப்பான் நாட்டில் பிறந்தது. அந்நாட்டுச் சட்டம் பொதுமக்கள் கைத்துப்பாக்கி வைத்திருக்க இடந்தருவதில்லை. எனவே துப்பாக்கியின் உருவமும், பிளாஸ்டிக் மணியை மட்டுமே உமிழும் உள்ளமைப்பும் கொண்ட விளையாட்டுப் பொருள்களை அங்குள்ளோர் செய்தனர். சுருள்வில்லாலும் அடைக்கப்பட்ட வாயுவாலும் இயங்கி வந்த அவற்றோடு, 1991-இல் தோக்கியோ மாருய் நிறுவனம் மின்கலத்தால் இயங்கும் துப்பாக்கியையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் இவ்விளையாட்டு பல நாடுகளிலும் வேரூன்றிவிட்டது. மணியின் விட்டம் 6 மில்லிமீட்டர். மிளகைவிடச் சற்றே பெரிது. உடைமேல் பட்டால் தட்டியதுபோல் இருக்கும். வெறுந்தோலில் பட்டால் சுரீரென்று உறைக்கும். கண்ணில் பட்டாலோ பார்வையையே பறித்துவிடும்.

ஆதலால் இங்கிலாந்தில் இதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. 2006-ஆம் ஆண்டின் சட்டப்படி பதினெட்டு வயது நிரம்பாதவருக்குத் துப்பாக்கிப் போலிகளை விற்பது குற்றம். 2017-ஆம் ஆண்டின் சட்டம் அவற்றின் வலிமைக்கு எல்லை வகுத்தது: ஒருமுறை அழுத்தினால் ஒரு மணியை மட்டும் உமிழ்வதற்கு 2.5 ஜூல், தொடர்ச்சியாக உமிழக்கூடியதற்கு 1.3 ஜூல். பொதுவிடத்தில் தக்க காரணமின்றி அவற்றை ஏந்திச் செல்வதும் குற்றமே. எனவே இதற்கென்றே அமைந்த காட்டுத் திடல்களில், பொறுப்பாளர் மேற்பார்வையில் ஆடுகின்றனர். நாம் சென்றதும் அத்தகைய திடலுக்கே. துப்பாக்கியும் முகக்கவசமும் அங்கேயே வாடகைக்குக் கிடைத்தன. பெற்றோர் அனைவரும் கையொப்பமிட்டுக் கொடுத்தனர், ஒருவரைத் தவிர.

அந்த ஒருவரைப்பற்றிச் சொல்ல வேண்டும். எம் பங்கில் ஆங்கிலேய முதியோர் உண்டு. போலந்து நாட்டவர் உண்டு. கேரளத்துச் செவிலியர் குடும்பங்கள் பல உண்டு. ஈழத்திலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்றின் தலைவர் மன்னார்ப் பகுதியைச் சேர்ந்தவர். போர்க்காலத்தில் இளம் வயதிலேயே ஊரைவிட்டுப் புறப்பட்டவர். அவருடைய மகனுக்குப் பதினாறு வயது. பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லாரும் தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில் அவர் எம்மருகே வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: “ஃபாதர், நான் துவக்கைக் கண்டு ஓடிவந்தவன். என் பிள்ளை காசு கொடுத்து அதைத் தேடிப் போவதோ?”

எமக்கு மறுமொழி எழவில்லை. விளையாட்டு வினையாகும் என்னும் முதுமொழியை நாம் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். ஆனால் வினையையே விளையாட்டாக்கலாமா என்னும் இக்கேள்வி எம்மை உறங்கவிடவில்லை. இரண்டு நாள் கழித்து அவர் இல்லத்திற்குச் சென்றோம். பயணத்தையே கைவிடவும் ஆயத்தமாய்ச் சென்றோம். அவரோ நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, “எல்லாப் பிள்ளைகளும் போகும்போது இவனை மட்டும் நிறுத்தினால் என்னை வெறுப்பான். போகட்டும். ஆனால் மூன்று காரியம் நீங்கள் காப்பாற்ற வேண்டும்” என்றார். உண்மையான நாடு, படை எதன் பெயரையும் அணிகளுக்குச் சூட்டலாகாது. ஒருவரைப் பிடித்து மண்டியிட வைக்கும் ஆட்டம் எதுவும் கூடாது. கை உயர்த்தியவன்மேல் குழலை நீட்டலாகாது. இம்மூன்றையும் நாம் எழுதி வாங்கிக்கொண்டோம். இறுதியில் அவரே, “நானும் வருகிறேன், ஆனால் துவக்கைத் தொடமாட்டேன்” என்றார்.

துப்பாக்கியைத் தொடாதவருக்கு அவ்வாட்டத்தில் என்ன வேலை? அக்கேள்வியே எம்மைச் சிந்திக்க வைத்தது. குருமடத்தில் நாம் பயின்ற காலத்தில் மாலைதோறும் விளையாட்டு கட்டாயம். விடுமுறை முகாமில் காடுமேடெல்லாம் பரந்து ஆடும் ஆட்டங்களை எம் ஆசிரியர் ஒருவர் நடத்துவார். அவர் சாரணர் இயக்கத்தில் பயின்றவர். அவ்வியக்கத்தை நிறுவிய பேடன் பவல், 1907-இல் பிரவுன்சீ தீவில் ஏறத்தாழ இருபது சிறுவர்களைக் கூட்டி முகாம் நடத்தினார். அடுத்த ஆண்டு சாரணச் சிறுவர்க்கென நூலொன்றும் வெளியிட்டார். அதில் ‘சிங்க வேட்டை’ என்றொரு விளையாட்டு உண்டு. ஒருவன் சிங்கம். அவன் தானியமணிகளைச் சிந்திக்கொண்டே முன்னதாகச் சென்று மறைந்துகொள்வான். அவனிடம் ஆறு டென்னிஸ் பந்துகள் இருக்கும். வேடர் ஆளுக்கொரு பந்துடன் தடம்பற்றி வருவர். சிங்கம் எறிந்த பந்து பட்டவன் விலக வேண்டும். சிங்கத்தின்மேல் மூன்று பந்து பட்டால் சிங்கம் தோற்றது. ஆக, ஒளிந்து தேடி எறிந்து ஆடும் இன்பத்திற்குத் துப்பாக்கி இன்றியமையாததன்று. ஒரு பந்தே போதும். இக்கருத்தை மனத்தில் இருத்தி அந்நாளுக்குரிய ஆட்டங்களை வகுக்கத் தொடங்கினோம்.

குறித்த நாள் சனிக்கிழமை. காலையில் ஒவ்வொரு துப்பாக்கியையும் வேகமானியில் வைத்துச் சோதித்தனர். 0.20 கிராம் மணி நொடிக்கு 350 அடி பாய்ந்தால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 1.14 ஜூல் என்று பொறுப்பாளர் இளைஞருக்குக் கணக்கிட்டுக் காட்டினார். பின்னர் விதிகளை உரைத்தார். ஆட்டக்களத்தில் எக்காரணத்தாலும் முகக்கவசத்தை அகற்றலாகாது. கண்ணாடி வியர்வையால் மங்கினால் கை உயர்த்தி அங்கேயே அமர வேண்டும். ஓய்விடத்திற்குள் நுழையுமுன் மணிகள் அடைத்த கூட்டைக் கழற்றி, குழலில் எஞ்சியதைத் தரை நோக்கிச் சுட்டு வெளியேற்றிவிட வேண்டும். மரத்தின்பின் நின்று, பாராமலே கையை மட்டும் நீட்டிச் சுடுதல் கூடாது. மண்ணில் மட்கிப்போகும் மணிகளையே பயன்படுத்த வேண்டும்.

இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு இறுதியாக ஒன்று சொன்னார். சாயக்குண்டு எறியும் ஆட்டமானால் பட்ட இடத்தில் வண்ணம் தெறித்து ஊரறியக் காட்டிக்கொடுக்கும். இதில் அப்படியில்லை. மணி பட்டுக் கீழே விழுந்துவிடும், தடயம் ஏதுமிராது. சுட்டவனுக்கு ஐயம், நடுவரின் கண்ணுக்கு மணி புலப்படாது, பட்டவன் ஒருவனுக்கே உண்மை தெரியும். ஆகவே பட்டவன்தான் கை உயர்த்தி ‘பட்டது’ என்று சொல்ல வேண்டும். இவ்விளையாட்டு முழுவதும் அந்த ஒரு சொல்லின்மீதே நிற்கிறது. இதைக் கேட்டபோது எமக்குள் ஒரு மகிழ்ச்சி. ஆலயத்தில் எத்தனை மறையுரை ஆற்றியும் பதியாத பாடத்தை இக்காடு கற்பிக்கப்போகிறது என்று எண்ணினோம். அப்பாடம் எமக்கே தேவைப்படும் என்று அப்போது எண்ணவில்லை.

முதல் ஆட்டம், கடைசிவரை எஞ்சி நிற்பவர் வெற்றி பெறும் ஆட்டம். பட்டவர் களத்தைவிட்டு வெளியேறிவிட வேண்டும். விதி எளிது என்பதால் முதலில் இதை வைத்தோம். அதுவே தவறாயிற்று. தொடங்கிய மூன்றாம் நிமிடத்தில் எம் பங்கிலேயே இளையவளான பதினான்கு வயதுச் சிறுமி கை உயர்த்தி வெளியே வந்து மரக்கட்டையில் அமர்ந்தாள். அரைமணி நேரம் அங்கேயே அமர்ந்திருந்தாள். களத்திலிருந்தோ வாக்குவாதம் கேட்டது. “நான் சுட்டேன், அவன் வெளியேறவில்லை.” “என்மேல் படவேயில்லை.” “உன் சட்டை அசைந்ததைப் பார்த்தேன்.” மார்கழிக் குளிரிலும் காணாத கடுமுகங்களை அந்த ஆகஸ்டு வெயிலில் கண்டோம்.

மரக்கட்டையில் அமர்ந்திருந்தவர்களை எண்ணிப் பார்த்தோம். உண்மை சொன்னவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். உண்மைக்குத் தண்டனை அரைமணி நேரச் சும்மா இருப்பு. பொய்க்குப் பரிசு ஆட்டம். இப்படியொரு விதியை நாமே வகுத்துவிட்டு, பிள்ளைகள் பொய் சொல்கிறார்களே என்று நொந்துகொள்வது எவ்வளவு பேதைமை! இது காட்டுக்கு மட்டும் உரிய செய்தியன்று. உடைந்த பாத்திரத்தை உடைத்தேன் என்று சொன்ன பிள்ளை அடிபடுவதும், சொல்லாத பிள்ளை தப்புவதும் எத்தனை இல்லங்களில் நடக்கின்றன!

அந்த ஆட்டத்தை இடையிலேயே நிறுத்தினோம். எஞ்சிய நாள் முழுவதற்கும் ஒரே நெறியை வகுத்தோம்: பட்டவன் திரும்பி வர வழி இருக்க வேண்டும். இதற்கிணங்க நாம் ஆடிய ஆட்டங்கள் இவை. இளைஞர் குழுக்களை நடத்துவோர் குறித்துக்கொள்ளலாம்.

ஒன்று, கொடி கவர்தல். அணிக்குப் பன்னிருவர். ஏறத்தாழ நூற்றைம்பது அடியெட்டு இடைவெளியில் இரு பாசறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு துணிக்கொடி. எதிரணியின் கொடியைக் கவர்ந்து தம் பாசறையில் சேர்ப்பவர் வென்றார். பட்டவன் கை உயர்த்திப் பாசறைக்கு நடந்துபோய், அங்குள்ள மரத்தைத் தொட்டுவிட்டு மீண்டும் ஆடலாம். கொடியை ஏந்தியவன் பட்டால் நின்ற இடத்திலேயே கொடியை வைத்துவிட வேண்டும். இருபது நிமிடம் போதும். பாதியில் அணிகள் பக்கம் மாற வேண்டும். மேடு ஒருபக்கம், பள்ளம் ஒருபக்கம் என்ற குறை நீங்கும்.

இரண்டு, மருத்துவர் ஆட்டம். இங்குதான் எம் மன்னார் அன்பருக்கு வேலை கிடைத்தது. அணிக்கு ஒரு மருத்துவர். அவரிடம் துப்பாக்கி கிடையாது. துணிப்பட்டைகள் மட்டும் உண்டு. பட்டவன் இருந்த இடத்திலேயே அமர்ந்து, கை உயர்த்தி, உரக்கக் கூவ வேண்டும். மருத்துவர் ஓடிவந்து புயத்தில் பட்டை கட்டிவிட்டால் எழுந்து ஆடலாம். இரண்டு பட்டைக்குமேல் ஒருவருக்குக் கிடையாது. மூன்றாம் முறை பாசறைக்குத் திரும்பி மரத்தைத் தொட வேண்டும். இந்த ஆட்டத்தில் ஒரு வியப்பைக் கண்டோம். காலையில் பட்டதை மறைத்தவர்களே இப்போது தொண்டை கிழிய ‘பட்டது, பட்டது’ என்று கூவினார்கள். சொல்லாதவனுக்கு மருந்தில்லை அல்லவா? ஐம்பதை நெருங்கும் அந்த மனிதர் மரத்துக்கு மரம் குனிந்து ஓடி, பிள்ளைகளின் புயத்தில் பட்டை கட்டினார். அவர் முகத்தில் முதன்முறையாகச் சிரிப்பைக் கண்டோம்.

மூன்று, சுமை சேர்த்தல். களத்தின் நடுவே மண் நிரப்பிய ஐந்து சாக்குப் பைகள். ஒவ்வொன்றையும் இருவர் சேர்ந்தே தூக்க வேண்டும், தூக்குபவர் சுடலாகாது. மற்றவர் அவர்களுக்குக் காவல். மிகுதியான பைகளைத் தம் பாசறையில் சேர்த்த அணிக்கு வெற்றி. குறிபார்த்துச் சுடத் தெரியாத பிள்ளையும் இதில் பெரிதும் பயன்படுவான். காலையில் மரக்கட்டையில் அமர்ந்திருந்த அச்சிறுமி இரண்டு பை சேர்த்தாள்.

நான்கு, நிலை காத்தல். மூன்று இடங்களில் ஒருபக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமான பலகைகள். கைப்பற்றிய அணி தன் நிறம் தெரியத் திருப்பி வைக்கலாம். ஐந்து நிமிடத்திற்கொருமுறை ஊதலொலி. அப்போது தெரியும் நிறத்திற்கு மதிப்பெண். ஒரே இடத்தில் பதுங்கியிருக்கும் சோம்பலை இது போக்கும்.

ஐந்து, பெருகும் வேடர். முதலில் வேடர் இருவரே; ஏனையோர் காட்டில் மறைந்துகொள்வர். பட்டவன் வெளியேறுவதில்லை, அவனும் வேடனாகிவிடுவான். இறுதிவரை பிடிபடாதவன் அடுத்த ஆட்டத்தில் முதல் வேடன். யாரும் வெறுமனே அமர்ந்திராத ஆட்டம் இது. நாளின் களைப்பிலும் சிரிப்பை வரவழைப்பது.

ஆறாவது, பெரியவரைக் காத்தல். இதில்தான் எம் கதை வருகிறது. ஆயுதமில்லாத ஒருவரை அவருடைய அணி காட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அழைத்துச்செல்ல வேண்டும். எதிரணி வழியில் மறைந்திருக்கும். பெரியவர்மேல் முதல்முறை பட்டால் மருத்துவர் பட்டை கட்டலாம். இரண்டாம் முறை பட்டால் ஆட்டம் முடிந்தது, அணி தோற்றது. இளைஞர்கள் ஒருமனதாக எம்மையே பெரியவராக்கினார்கள். மன்னார் அன்பர் எம் அணிக்கு மருத்துவர். அவருடைய மகன் எதிரணியில் இருந்தான்.

பாதி வழியில் முதல் மணி எம் முதுகில் பட்டது. முறைப்படி கூவினோம், அவர் வந்து பட்டை கட்டினார். மீண்டும் நடந்தோம். பிள்ளைகள் எம்மைச் சூழ்ந்து, தம் உடம்பையே மதிலாக்கி நடந்தார்கள். ஒவ்வொருவராய்ப் பட்டு அமர்ந்தனர். எல்லைக் கம்பம் இருபது அடியெட்டில் தெரிந்தது. அப்போது இடப்புறப் புதரிலிருந்து ஒரு மணி வந்து எம் மேற்சட்டையின் விளிம்பில் பட்டது. பட்டதை ஐயமின்றி உணர்ந்தோம். புதரிலிருந்து அம்மன்னார்ச் சிறுவன் எழுந்து நின்று எம்மைப் பார்த்தான். பத்தடி தொலைவில் அவன் தந்தையும் நின்றிருந்தார்.

“ஃபாதர்?” என்றார் அவர்.

“படவில்லை” என்றோம். நடந்தோம். கம்பத்தைத் தொட்டோம். எம் அணி ஆரவாரித்தது.

அன்பர்களே, அந்த நேரத்தில் எம் உள்ளத்தில் ஓடிய வாதங்களை இப்போது நினைத்தாலும் நாணுகிறோம். சட்டை விளிம்பில்தானே பட்டது, உடம்பில் படவில்லையே என்றது ஒரு குரல். பிள்ளைகள் இவ்வளவு பாடுபட்டு அழைத்து வந்தார்களே, அவர்களுக்காகத்தான் என்றது மற்றொரு குரல். காலையில் நாமே நீக்கிய பழைய விதி இந்த ஓர் ஆட்டத்தில் மட்டும் ஒளிந்திருந்தது: இரண்டாம் முறை பட்டால் மீட்பில்லை. அந்த இக்கட்டில் எம் ஐம்பத்துமூன்று வயதும், குருமடப் படிப்பும் பதினான்கு வயதுச் சிறுமியின் நேர்மைக்கு ஈடாகவில்லை.

ஓய்விடத்தில் தேநீர் வழங்கிக்கொண்டிருந்தனர். நாம் கவசத்தைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது, அருகே சிறுவர்கள் பேசியது காதில் விழுந்தது. “நீ சுட்டாயே, பட்டதாகத் தெரிந்ததே?” என்று ஒருவன் கேட்டான். அதற்கு அம்மன்னார்ச் சிறுவன், “எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஃபாதர் படவில்லை என்றார். என் கண்தான் பிசகியிருக்கும்” என்றான்.

அச்சொல் எம்மைத் துளைத்தது. அவன் எம்மீது ஐயுறவில்லை. தன் கண்மீது ஐயுற்றான். ஒரு குருவின் பொய் ஆட்டத்தின் வெற்றியை மட்டும் திருடவில்லை. ஒரு பிள்ளை தான் கண்டதைக் கண்டேன் என்று சொல்லும் துணிவையும் திருடிவிட்டது. பெரியவர்கள் சொல்லும் பொய்யின் கேடு இதுதான். பிள்ளைகள் நம்மை நம்புவதற்காகத் தம்மை நம்பாது விடுகிறார்கள்.

தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தோம். எல்லாரையும் அழைத்தோம். “கடைசி ஆட்டத்தில் எம்மேல் இரண்டாம் முறை பட்டது. சுட்டவன் கண் பிசகவில்லை. நாம்தான் பொய் சொன்னோம். வெற்றி எதிரணிக்கே உரியது. அவனிடம் மன்னிப்புக் கேட்கிறோம்” என்றோம். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. எம் அணிப் பிள்ளைகள் சிலர் தலைகவிழ்ந்தனர். அது எமக்குக் கிடைத்த தக்க தண்டனை. அச்சிறுவன் முகம் சிவந்து, “பரவாயில்லை ஃபாதர்” என்றான். பிறகு எவரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. காலை ஆட்டத்தில் பட்டதை மறைத்த ஒருவன் கை உயர்த்தினான். “என்மேலும் பட்டது” என்றான். பின்னால் இன்னொருவன். அப்புறம் இருவர். காலையில் நடந்த வாக்குவாதத்தில் பாதி அங்கேயே தீர்ந்தது, சிரிப்பும் வந்தது.

துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டிக்கு நடக்கையில் மன்னார் அன்பர் எம்முடன் வந்தார். “நீங்கள் கண்டும் ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டோம். அவர் தம் பையில் மிஞ்சியிருந்த துணிப்பட்டைகளைச் சுருட்டிக்கொண்டே, “காயம் பட்டவன் சொன்னால்தானே ஃபாதர், நான் கட்டலாம்” என்றார். வேறொன்றும் பேசவில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து பிறர் சொல்லக் கேட்கும் எமக்கு அச்சொல் இன்றுவரை பெரிய பாடம்.

இனி, இவ்வாண்டு விடுமுறையில் இளைஞரை வெளியே அழைத்துச் செல்ல எண்ணும் பெற்றோருக்கும் உபதேசியார்களுக்கும் சில சொற்கள். இதற்கெனத் துப்பாக்கி வாங்கித்தர வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வேண்டாம் என்றே சொல்லுவோம். மேற்சொன்ன ஆட்டங்கள் எல்லாவற்றையும் பழந்துணியைச் சுருட்டிக் கட்டிய பந்துகளைக்கொண்டு ஆடலாம். பனந்தோப்போ, மாந்தோப்போ, கடற்கரைச் சவுக்குத்தோப்போ போதும். கிளித்தட்டில் கோட்டைத் தாண்டும்போது தொடப்பட்டதைத் தானே ஒப்புக்கொண்டு விலகும் பிள்ளைகளை நம் ஊர்த் திடல்களில் நாம் பார்த்தே வளர்ந்தோம். அந்தப் பண்பே இவ்வாட்டங்களுக்கும் உயிர்.

அணி பிரிக்கையில் வல்லவர்களை இருபக்கமும் சமமாய் வையுங்கள். ஒரு பக்கம் தொடர்ந்து தோற்றால் ஆட்களை மாற்றுங்கள். ஓர் ஆட்டம் இருபது நிமிடத்திற்கு மேற்படாதிருக்கட்டும். தண்ணீரும் நிழலும் அருகில் இருக்கட்டும். துணிப்பந்தே ஆயினும் முகத்துக்கு நேரே எறியலாகாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எவருடைய கண்ணீரையும் நினைவூட்டும் பெயரை அணிக்குச் சூட்டாதீர்கள். ஓடமுடியாத பிள்ளைக்கு மருத்துவர் வேலையைக் கொடுங்கள். அது இரக்கத்தால் தரும் வேலையன்று, ஆட்டத்தின் மையமே அதுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டவன் திரும்பிவர ஒரு வழி வையுங்கள். பெரியவரைக் காக்கும் ஆட்டத்தின் விதியை நாம் மாற்றிவிட்டோம். இப்போது பெரியவர் எத்தனை முறை பட்டாலும் பட்டை உண்டு. ஒவ்வொரு பட்டைக்கும் நூறு எண்ணும்வரை அசையாது நிற்க வேண்டும் என்பதே விதி. நேரம்தான் போகும், மானம் போகாது.

2024 கோடையில் எம் இளைஞர்கள் மீண்டும் அதே காட்டுக்குச் சென்றார்கள். இம்முறையும் பெரியவர் நாமே. பதினொரு முறை பட்டது. பதினொரு முறையும் கை உயர்த்தினோம். பதினொரு பட்டைகள் கட்டிய புயத்தோடு எடுத்த படத்தைத் தமக்கையாருக்கு அனுப்பினோம். “என்ன சாமி, இவ்வளவு அடியா பட்டது?” என்று கேட்டார். “ஆம், பட்டது” என்றோம்.